லைல் தூக்கியடித்த பந்து

1978 ஜூலை பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு லைல் ஆமுண்ட்சன் மேலே தூக்கியடித்த டென்னிஸ் பந்து, 2007 மே மாதம் வரை கீழே வரவில்லை. நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் உள்ள கார்வெல்லில் அந்த வாரம்தான் கோதுமை அறுப்பு முடிந்திருந்தது. விலை புஷலுக்கு இரண்டே முக்கால் டாலர், போன வருஷத்துக்குக் கொஞ்சம் தேவலை. பந்து ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உயரம்வரை போனது, போன இடத்தில் நின்றது. பெருங்காற்று அடித்தால் ஒரு சாண் இப்படியும் ஒரு சாண் அப்படியும் அசையும், அவ்வளவுதான். காலையில் அதன் நிழல் மேற்கே லூத்தரன் தேவாலயத்தின் படியில் விழும். சாயங்காலம் கிழக்கே ஹாஸ்கெட் இரும்புக் கடையின் வாசலுக்கு வந்து சேரும். கடைக்காரரின் மகன் வெண்டல் ஹாஸ்கெட் என்ற டென்னிஸ் ஆட்டக்காரனின் வாழ்க்கை இந்தப் பந்தால் எழும்பியது, இந்தப் பந்தாலேயே விழுந்தது.

வெண்டலும் லைலும் ஒன்பது வயதிலிருந்து கூட்டாளிகள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வெடித்த சிமெண்டுத் தரையில் தாங்களாகவே ஆடிக் கற்றுக்கொண்டவர்கள். நடுவர் இல்லாத ஆட்டங்களுக்கென்று டென்னிஸில் ஒரு வழக்கம் உண்டு. உன் பக்கம் விழுகிற பந்து உள்ளேயா வெளியேயா என்று நீதான் சொல்ல வேண்டும், கோட்டை ஓரமாகத் தொட்டாலும் உள்ளேதான், எதிராளி அதை மறுத்துப் பேசமாட்டான், உனக்குச் சந்தேகம் வந்தால் அந்தப் புள்ளி அவனுக்கு. மற்ற ஊர்களில் இதை ஆட்ட விதி என்பார்கள். கார்வெல்லில் இதை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டார்கள், அந்த இரண்டு பையன்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிறகு மூன்று வருஷம் லைலின் பழைய காரில் சின்னச் சின்னப் போட்டிகளுக்காக ஊர் ஊராக அலைந்தார்கள். ஒரே அறையில் படுத்தார்கள், ஒருவன் மட்டைக்கு மற்றவன் நரம்பு கட்டினான். 1976இல் லைலின் தங்கை ஆர்லீனை வெண்டல் கல்யாணம் செய்துகொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் எதிரெதிரே நின்றது, நியூயார்க்கில் நடக்கும் பெரிய போட்டிக்குள் நுழைவதற்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில். அந்த வட்டாரத்துக்கே ஒரு இடம்தான். கார்வெல்லில் தானிய வியாபாரி ஒருவர் புதிதாகக் கட்டிக் கொடுத்த நான்கு ஆடுகளங்களில் மூன்றாவதில் ஆடினார்கள். தகுதிச் சுற்று என்பதால் கோட்டு நடுவர் கிடையாது. குடைக்குக் கீழே திருமதி கெட்டரிங் என்ற பொறுப்பாளர் மட்டும் இருந்தார். மூன்றாவது செட்டில் வெண்டல் ஐந்துக்கு நாலு முன்னால் இருந்தான். சர்வ் லைலுடையது. முப்பது–நாற்பது. ஜெயிக்க வெண்டலுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி வேண்டியிருந்தது. அவன் அவசரப்பட்டு வலையருகே ஓடிவந்துவிட்டான். லைலுக்கு வேறு வழியில்லை, பந்தை அவன் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். வெண்டல் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தான். பந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறிக்கொண்டிருக்கும்போதே இடதுகை ஆட்காட்டி விரலை உயர்த்தி, "அவுட்!" என்றான். அப்படியே கைகுலுக்க வலைக்குப் போனான்.

தரையைத் தொடாத பந்தை அவுட் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் டென்னிஸ் ஆடுகிறவர்கள் எல்லோரும் வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான் இது. பந்து விழுந்ததும் தப்பும் மறந்துபோகும். வெண்டலின் கெட்ட நேரம், அவனுடைய பந்து விழவில்லை. லைல் தன் பக்கத்திலேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெண்டல், அது இன்னும் வரலையேடா."

"வெளியேதான் போகுது. நான் பார்த்துட்டேன்டா."

லைல் பந்திலிருந்து கண்ணை எடுத்து மச்சானின் முகத்தைப் பார்த்தான். பிறகு நடந்துவந்து கையைக் கொடுத்தான்.

"சரி. உன் பக்கம், உன் பேச்சு."

திருமதி கெட்டரிங் ஆட்ட முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்ற யாரோ வானத்தைக் காட்டியபோது, "ஆட்டக்காரரே சொல்லிட்டார். அதுக்கு மேல நான் என்னங்க சொல்றது?" என்றார். நாற்பது பேர் பார்த்தார்கள், நாற்பது பேரும் மடக்கு நாற்காலிகளை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மோவாயில் குழம்பு ஒட்டியிருக்கிறது என்றுகூட அடுத்தவரிடம் சொல்லக் கூசுகிற ஊர் அது. பந்தைப் பற்றி ஹாஸ்கெட் வீட்டாரிடம் அன்றும் யாரும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. வெண்டல் நியூயார்க் போவதை முன்னிட்டு மூன்று வீடுகளிலிருந்து கேக் வந்தது.

பந்தை இறக்க ஊர் ஒன்றும் செய்யாமல் இல்லை. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீய்ச்சியது. பந்து நனைந்தது, அவ்வளவுதான். ஒரு விவசாயி துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார். குண்டுகள் விலகிப் போய் தண்ணீர்த் தொட்டியில் பட்டு ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து உதிர்ந்தது. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானக்காரர் அதைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார். இப்படியே விட்டுவிடலாம், மூன்றாம் களத்தை யாருக்கும் ஒதுக்க வேண்டாம் என்று நகரசபை தீர்மானம் போட்டது. மழை பெய்து ஓய்ந்த பிறகும் இரண்டு நாள் அந்தப் பந்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். வெண்டல் நின்ற தெற்குப் பக்கக் கடைக்கோட்டை ஒட்டித்தான் விழும், சில சொட்டு கோட்டுக்கு உள்ளே, சில சொட்டு வெளியே. வெண்டல் கட்சிக்காரர்களும் லைல் கட்சிக்காரர்களும் இதே சொட்டுகளைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். அதையும் அவரவர் வீட்டுக்குள்ளேதான் பேசிக்கொண்டார்கள்.

நியூயார்க்கில் வெண்டல் இரண்டு சுற்று ஜெயித்தான். மூன்றாவதில் ஐந்து செட் ஆடித் தோற்றான். பத்திரிகைகள் அவனை சோளக்காட்டுப் பையன் என்று எழுதின. அடுத்த வருஷம் பாரிஸ், லண்டன், ரோம். உலகத் தரவரிசையில் அறுபத்து மூன்றாம் இடம். கார்வெல் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஊர்க்காரன் எவனும் எதிலும் உலகத்தில் அறுபத்து மூன்றாவதாக வந்தது கிடையாது. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. எந்த ஊரிலும், எந்தக் களத்திலும், வெண்டல் அண்ணாந்தால் அந்தப் பந்து அதே உயரத்தில் நின்றது. பாரிஸில் எடுத்த ஒரு படத்தில்கூட அவன் தலைக்கு மேலே அது பதிவாகியிருந்தது. அச்சகத்தில் ஏதோ மைப்பொட்டு என்று நினைத்து அழித்துவிட்டார்கள். தலைக்கு மேலே வரும் பந்தை அடிக்க ஆட்டக்காரன் அண்ணாந்துதான் ஆக வேண்டும். வெண்டலோ அண்ணாந்தால் இரண்டு பந்தைப் பார்த்தான், ஒன்று இறங்கி வரும், மற்றது நிற்கும். கொஞ்ச நாளில் அவன் அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டான். தலைக்கு மேலே தூக்கிப் போட்டால், குனிந்த தலையோடு பின்னால் ஓடி, பந்து விழும் சத்தம் கேட்ட பிறகு துரத்தினான்.

உடைமாற்றும் அறைகளில் இந்த மாதிரி செய்திக்கு இறக்கை முளைக்க எத்தனை நாள் வேண்டும்? "ஹாஸ்கெட்டா? ஒண்ணும் யோசிக்காதே. மேலே தூக்கிப் போடு, போய் குளிச்சிட்டு வந்துடலாம்" என்று ஆஸ்திரேலியக்காரன் ஒருவன் சொன்னதை வெண்டலே அலமாரிக்குப் பின்னால் நின்று கேட்டான். அறுபத்து மூன்று நூற்றுப் பதினெட்டானது, நூற்றுப் பதினெட்டு இருநூற்று நாற்பதானது. கூரை போட்ட அரங்குகளில் ஆடினால் தப்பிக்கலாம் என்று நினைத்தான்; விளக்குகளுக்கு நடுவே அங்கும் அது இருந்தது. 1984இல் கிளீவ்லண்டில், பாதி காலியான ஒரு அரங்கில், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே பதினேழு தடவை தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு அவனைத் தோற்கடித்து அனுப்பிவைத்தான். அன்று மத்தியானம் விடுதி அறையில் ஆர்லீன் அவனுடைய முழங்காலில் பனிக்கட்டி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். கோபப்படக்கூடாது."

"கேளு."

"அது வெளியே போகும்னு உனக்குத் தெரிஞ்சுதா? இல்ல, வெளியே போயிடணும்னு இருந்துச்சா?"

வெண்டல் சுவரில் மாட்டியிருந்த வாத்துப் படத்தைப் பார்த்தான். "விரலைத் தூக்கிட்டேன் ஆர்லீன். தூக்கின விரலை எப்படி மடக்குறது?"

"சும்மா மடக்கியிருக்கலாம். அவன் எங்க அண்ணன். உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டான்."

கிளீவ்லண்டில் ஆடியதுதான் அவனுடைய கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு பதினேழு வருஷம் ஃபீனிக்ஸில் ஒரு கிளப்பில் ஓய்வுபெற்ற வக்கீல்களுக்கும் பல் டாக்டர்களின் மனைவிமாருக்கும் பயிற்சி கொடுத்தான். யாராவது பந்து வரும்போதே அவுட் என்று வாயைத் திறந்தால் களத்தின் மறுமுனையிலிருந்து, "விழட்டும்! முதல்ல விழட்டும்!" என்று கத்துவான். 'விழட்டும்' என்றே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்லீன் அண்ணனுக்குப் போன் போடுவாள். அந்த நேரத்துக்கு வெண்டல் தோட்டத்தில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வான். அவனுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தப் பந்து என்றைக்காவது இறங்கி, கோட்டுக்கு வெளியே விழ வேண்டும். அப்படி விழுந்தால் நியூயார்க் அவனுடையது, அறுபத்து மூன்று அவனுடையது, மனைவியின் கேள்விக்குப் பதிலும் வந்துவிடும். உள்ளே விழுந்தால் அவன் வாழ்ந்தது அத்தனையும் லைலின் வாழ்க்கை.

லைலோ 1978இல் அந்த ஆட்டம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமையே தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து லாரிகளை எடை போட ஆரம்பித்தான். மட்டைகளைக் காரின் பின்பெட்டியில் போட்டு மூடினான். கார் துருப்பிடித்துப் போனபோதும் அவற்றை எடுக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மே மாதம் முதல் சனிக்கிழமை மட்டும் கயிறும் வெள்ளைப் பெயிண்டும் எடுத்துக்கொண்டு மூன்றாம் களத்துக்குப் போவான். பனியில் வெடித்த தரையைப் பூசி, மூலை ஆணிகளுக்கு நடுவே கயிற்றைக் கட்டி, தெற்குப் பக்கக் கடைக்கோட்டுக்குப் புதிதாக வெள்ளை அடிப்பான். யாரும் ஆடாத களத்துக்கு எதற்கப்பா இது என்று நகரசபை எழுத்தர் ஒரு தடவை கேட்டார். "பந்து வரும்போது கோடு இருக்கணும்ல?" என்றான் லைல். எழுத்தர் அடுத்த வருஷத்திலிருந்து பெயிண்டை ஊர்ச் செலவில் கொடுத்தார்.

2001இல் வெண்டலின் அப்பா இறந்தார். முழங்கால் இரண்டும் போய்விட்ட வெண்டல், ஆர்லீனோடு ஊருக்கே திரும்பிவந்து இரும்புக் கடையைத் திறந்தான். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மிளகாய்க் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் போட்ட ஒரு விருந்தில் மச்சானும் மச்சானும் இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் சந்தித்தார்கள். லைல் ஒரு கிண்ணத்தை நீட்டினான்.

"முழங்கால் எப்படியிருக்கு?"

"போயிடுச்சு. உனக்கு நெஞ்சு?"

"அதுவும்தான்."

பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த ஆறு வருஷமும் மழையைப் பற்றியே பேசினார்கள். மழை பெய்தால் பந்து சொட்டும் என்பது இருவருக்கும் தெரியும். அந்த இடம் வரும்போது பேச்சு சோளத்துக்குத் தாவிவிடும். ஒருவன் கேட்டிருந்தால் மற்றவன் அழுதே இருப்பான். கேட்கிற பழக்கம் அந்த ஊரில் இல்லாமல் போனதுதான் கொடுமை.

தானியத் தூசு லைலின் நுரையீரலில் முப்பது வருஷம் படிந்திருந்தது. 2007 பிப்ரவரியில் அவன் ஆள் அனுப்பி வெண்டலை வரச்சொன்னான். மூக்கில் குழாயோடு சாய்வு நாற்காலியில் கிடந்தான். வெளியே பந்தின் மேல் பனி படிந்து படிந்து ஒரு பூசணிக்காய் அளவுக்குப் பருத்திருந்தது.

"மே மாசம் வந்துடும். கயிறு கராஜ்ல இருக்கு. ரெண்டு மூலையிலயும் ஆணி அடிச்சே வச்சிருக்கேன், பிடுங்கிடாதே."

"சரிடா."

"பிரஷ் நாலு அங்குலம். கோடும் நாலு அங்குலம். ஒரே இழுப்பா இழுத்துட்டுப் போ. நடுவுல நிறுத்தினா திட்டுத் திட்டா ஆயிடும்."

"சரி, சரி. மூச்சு வாங்குது பார், பேசாதே." வெண்டல் எழுந்து ஜன்னலருகே போனான். முதுகைக் காட்டிக்கொண்டேதான் கேட்டான்: "லைல், அது உள்ளேதான் விழும்னு நினைக்கிறியா?"

லைல் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "எனக்கு என்னடா தெரியும்? நான்தான் எதிர்க்கோடியில நின்னேனே."

"அப்ப நான் சொன்னது..."

"அன்னைக்கு நீ சொன்னது சேராது மச்சான். பந்து விழலையே. விழுந்ததும் சொல்லு."

ஒன்பதாம் நாள் லைலை அடக்கம் செய்தார்கள். கல்லறைக்குப் போகும் வழியில் வண்டிகள் மூன்றாம் களத்தைத் தாண்டியபோது மேலிருந்து பனி மட்டும் கட்டியாக உதிர்ந்து விழுந்தது. பந்து நின்ற இடத்திலேயே நின்றது.

மே ஐந்தாம் தேதி சனிக்கிழமை வெண்டல் கயிறும் பெயிண்டும் எடுத்துக்கொண்டு போனான். ஆர்லீன் பிளாஸ்க்கில் காபியோடு காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவன் செய்த முதல் வேலை, லைலின் ஆணிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிப் புதிதாக இரண்டு ஆணி அடித்து அதில் கயிற்றைக் கட்டியதுதான். இதை மறைப்பதில் புண்ணியமில்லை, நடந்தது அதுதான். இரண்டு அங்குலம் யாருக்குத் தெரியப்போகிறது? களத்தைப் பார்க்க ஆளில்லை, கோட்டைக் காத்தவன் மண்ணுக்குள்ளே. பந்து வருகிறபோது வரட்டும், கோடு கொஞ்சம் தள்ளியிருந்தால் அவன் அன்று சொன்னது உண்மையாகிவிடும். பழைய கோட்டைச் சுரண்டி எடுக்க முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தான். அப்போதுதான் அதன் கனம் தெரிந்தது. இருபத்தெட்டு பூச்சு, ஒன்றின்மேல் ஒன்று. எந்தப் பூச்சும் அடியில் இருந்ததை விட்டு ஒரு மயிரளவு விலகவில்லை. லைல் தனக்குச் சாதகமாக வெளியே கொஞ்சம் இழுத்திருக்கலாமே, ஒரு வருஷமாவது இழுத்திருக்கலாமே என்று வெண்டல் விரலால் தடவித் தடவிப் பார்த்தான். லைல் இழுக்கவில்லை. வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது. புது ஆணிகளைப் பிடுங்கி எறிந்தான், கயிற்றை லைலின் ஆணிகளில் கட்டினான், ஒரே இழுப்பாக வெள்ளை அடித்து முடித்தான்.

மூன்று இருபதுக்கு, கையில் ஈரப் பிரஷ்ஷோடு அவன் நிமிர்ந்தபோது பந்து வந்தது. அவசரமில்லாமல், அன்று எந்த வேகத்தில் இறங்கியிருக்க வேண்டுமோ அந்த வேகத்தில் வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அண்ணாந்து பார்க்காதவன் அதை முழுதாகப் பார்த்தான். கடைக்கோட்டின் வெளி ஓரத்தில் பட்டது, இடுப்பளவு எழும்பியது, பின்னால் இன்னொரு தடவை தரையைத் தொட்டு, உருண்டுபோய் வேலியில் முட்டி நின்றது. ஈர வெள்ளையில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம். பந்தின் மஞ்சளில் அதே அளவுக்கு வெள்ளை.

பிரஷ் கையில்தான் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் பள்ளம் மறைந்துவிடும். பந்தைச் சட்டையில் துடைத்தால் வேலை முடிந்தது. ஆர்லீன் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள், எதையும் பார்க்கவில்லை. வெண்டல் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். காலியாக இருந்த வடக்குப் பக்கத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி இடுப்பளவில் விரித்துக் காட்டி, "இன்" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதான். எந்தத் தோல்விக்கும் அவன் அப்படி அழுததில்லை. ஆர்லீன் காரிலிருந்து இறங்கி வந்தாள். மேலே பார்த்தாள், வானம் வெறுமனே இருந்தது.

"என்ன ஸ்கோர்?"

"டியூஸ். நாற்பதுக்கு நாற்பது."

"சர்வ் யாரோடது?"

"உங்க அண்ணனோடது."

அவள் வேலியோரம் போய்ப் பந்தை எடுத்தாள். களத்தைச் சுற்றி நடந்து, வடக்குக் கடைக்கோட்டுக்குப் பின்னால், சர்வ் போடுகிறவன் நிற்கும் இடத்தில் அதை வைத்துவிட்டு, மறுபடி காரில் போய் உட்கார்ந்தாள்.

1978ஆம் வருஷ முடிவைத் திருத்தும்படி வெண்டல் டென்னிஸ் சங்கத்துக்குக் கடிதம் எழுதினான். பழைய ஆட்டங்களைத் திறக்க வழியில்லை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஆட்டம் முடியவில்லை என்பது கார்வெல்லில் எல்லோருக்கும் தெரியும். சர்வ் போடுகிறவன் தயாராகும்வரை எதிரே நிற்பவன் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். வெண்டல் தினமும் மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, லைல் கடைசியாக நரம்பு கட்டிக் கொடுத்த மர மட்டையோடு தெற்குப் பக்கத்தின் வலது மூலைக்கு வருகிறான். வலிக்கிற முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்கிறான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்கிறான், மட்டையைக் கை மாற்றுகிறான், மறுபடி குனிகிறான். எதிரே பந்து வைத்த இடத்தில் இருக்கிறது. மே மாதம் முதல் சனிக்கிழமை இரண்டு பக்கத்துக் கோடுகளுக்கும் அவன்தான் வெள்ளை அடிக்கிறான். பக்கத்துக் களங்களில் ஆடுகிறவர்களின் பந்து தப்பித்தவறி மூன்றாம் களத்துக்குள் உருண்டு வந்தால், அவர்கள் உடனே ஓடிவந்து எடுப்பதில்லை. புள்ளி நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த களத்துக்குள் கால் வைக்கக்கூடாது. வெண்டல் நிமிர்கிறவரை வேலியோரமாகக் காத்திருந்து, "பந்தை எடுத்துக்கலாமா மிஸ்டர் ஹாஸ்கெட்?" என்று கேட்கிறார்கள். அவன் வடக்குப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலையாட்டுகிறான்.